மேசையைச் சுற்றி மூன்று தலைகள்

2021 ஆகஸ்ட் மாதம். பாங்காக் நகரத்து மருத்துவமனைகளில் படுக்கை கிடைக்காத நாட்கள். கொரோனா உறுதியான ஒரு தந்தையும் மகனும் ஆம்புலன்சில் ஏறி, ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் சோங்க்லா மாகாணத்துக்குப் போனார்கள். தாங்கள் வளர்த்த பூனையையும் விட்டுவிட மனமில்லாமல் கூடவே கொண்டு போனார்கள். வீட்டில் அவர்களோடு ஒரே படுக்கையில் தூங்கிப் பழகிய பூனை அது.

தந்தையையும் மகனையும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பூனை கால்நடை மருத்துவமனைக்குப் போனது. மயக்க மருந்து கொடுத்து, அதன் மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார் ஒரு பெண் மருத்துவர். அரை மயக்கத்தில் இருந்த பூனை சட்டென்று தும்மியது, குனிந்திருந்த அவருடைய முகத்துக்கு நேராக. என்95 முகக்கவசம் போட்டிருந்தார்; கையுறை போட்டிருந்தார்; கண்களுக்கு மட்டும் மறைப்பு ஏதும் இல்லை. மூன்று நாளில் காய்ச்சல் வந்தது. பரிசோதனையில் தொற்று உறுதியானது. பூனையிடமும், அதை வளர்த்தவர்களிடமும், மருத்துவரிடமும் எடுத்த வைரஸ்களின் மரபணுவைப் படித்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே வரிசையாக இருந்தன. பூனையிடமிருந்து மனிதருக்குக் கொரோனா பரவியதற்கு முதன்முதலாக ஆவணப்படுத்தப்பட்ட சான்று இதுதான்.

இத்தனை கோடி பூனைகள் வாழும் உலகில் இப்படி ஒரு தும்மல் ஆய்விதழில் இடம்பிடிக்கும் அளவுக்கு அரிதானது. ஆனால் அந்த அறையின் காட்சி அரிதானதல்ல. ஒரு சிறிய மேசை, அதன் மேல் ஒரு விலங்கு, அதன் மேல் குனிந்த மனிதத் தலைகள். உலகத்தின் எல்லாக் கால்நடை கிளினிக்குகளிலும் நாள் முழுக்க நடப்பது இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் அங்கே மேற்கொண்ட ஒவ்வொரு பாதுகாப்பு முயற்சியையும் இந்த மேசையிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

மேசையின் கணக்கு

மனிதர்களுக்கான மருத்துவத்தில் மருத்துவரும் நோயாளியும் இருந்தால் போதும், பரிசோதனை நடந்துவிடும். விலங்கு மருத்துவத்துக்குக் குறைந்தது மூன்று மனிதர்கள் தேவை. எப்போதிருந்து சாப்பிடவில்லை, வாந்தி என்ன நிறம், வயிற்றுப்போக்கு எத்தனை முறை என்று சொல்ல வளர்ப்பவர் வேண்டும். கழுத்தையும் காலையும் அசையாமல் பிடிக்க ஒரு உதவியாளர் வேண்டும். ஸ்டெதாஸ்கோப் வைக்க மருத்துவர் வேண்டும். மேசையின் அகலமோ இரண்டு மூன்று அடிதான். ஆறடி இடைவெளி விடுங்கள் என்று உலகமே சொல்லிக்கொண்டிருந்தபோது, இந்த மேசையைச் சுற்றி மூன்று தலைகள் ஒரு முழ இடைவெளியில் கூடின.

இன்னொன்றும் உண்டு. கிளினிக்கில் நாய் குரைக்கும். அது குரைத்தால் நாமும் குரலை உயர்த்துவோம். மூச்சுவிடும்போது வெளியேறுவதைவிடப் பேசும்போதும், மெல்லப் பேசும்போது வெளியேறுவதைவிட உரக்கப் பேசும்போதும் வாயிலிருந்து நுண்துகள்கள் அதிகமாகக் கிளம்புகின்றன. கொரோனாவுக்கு முந்தைய ஆய்வுகளே இதை அளந்து காட்டியிருந்தன. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பாடிப் பழகியது. வந்தவர்கள் 61 பேர். நோய் வந்தவர்கள், உறுதியானவர்களையும் சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து, 53 பேர். குரைக்கும் நாயை மீறிக் கத்திப் பேச வேண்டிய கிளினிக் அறையை அந்தப் பாட்டறையின் சிறிய உறவு என்றே சொல்லலாம்.

நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். நெருங்கிய தொடர்பு என்பதற்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு வரையறை வைத்திருந்தது: ஆறடிக்குள் 15 நிமிடம். தொடர்ந்து 15 நிமிடம் என்றுதான் முதலில் பொருள்கொண்டார்கள். 2020 அக்டோபரில் அதைத் திருத்தி, 24 மணி நேரத்தில் சிறிது சிறிதாகச் சேர்ந்து 15 நிமிடம் ஆனாலும் கணக்கில் வரும் என்றார்கள். கால்நடை உதவியாளருக்கு இந்தத் திருத்தம் மிக முக்கியம். ஒரு நாயைப் பிடிக்க மூன்று நிமிடம் ஆகிறது என்றால், ஐந்தாவது நாயோடு அவரும் மருத்துவரும் ஒருவருக்கொருவர் நெருங்கிய தொடர்பாகிவிடுகிறார்கள். காலை டோக்கன் பாதிகூட முடிந்திருக்காது.

யார் யாருக்குக் கொடுத்தது?

தொற்றின் தொடக்கத்தில் மக்கள் பயந்தது விலங்குகளைப் பார்த்துத்தான். 2020 பிப்ரவரி இறுதியில் ஹாங்காங்கில் 17 வயதான ஒரு பொமரேனியன் நாய்க்கு வைரஸ் இருப்பது தெரிந்ததும் அந்தப் பயம் பரவியது. ஆனால் அங்கே நடந்தது தலைகீழ். நோய் முதலில் வந்தது வளர்த்தவருக்கு, அவரிடமிருந்து நாய்க்கு. தொற்று உறுதியானவர்களின் வீடுகளிலிருந்து அப்போது கண்காணிப்பில் வைத்த 15 நாய்களில் இரண்டுக்கு மட்டுமே தொற்று இருந்தது. அதே ஆண்டு சீனாவின் ஹார்பின் நகர ஆய்வகம் விலங்குகளுக்கு வைரஸைக் கொடுத்துப் பார்த்தது. பூனைக்கும் ஃபெரெட்டுக்கும் எளிதில் தொற்றியது. நாயிடம் அது சரியாக வளரவில்லை. பன்றி, கோழி, வாத்து ஆகியவற்றைத் தொடவே இல்லை. உயிரணுவின் மேல் இருக்கும் ஏசிஇ2 என்ற புரதம்தான் வைரஸ் நுழையும் பூட்டு. அந்தப் பூட்டின் அமைப்பு விலங்குக்கு விலங்கு மாறுவது இதற்கு முக்கியக் காரணம்.

2020 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சி சாலையில் ஒரு புலிக்குத் தொற்று உறுதியானது. 2021 ஜூனில் நம் வண்டலூரில் சிங்கங்களுக்கு வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. கூண்டுக்குள் வாழும் சிங்கம் ஊர் சுற்றி நோய் வாங்கி வருவதில்லை. இந்த நோயில் வைரஸ் பெரும்பாலும் மனிதரிடமிருந்தே விலங்குக்குப் போனது.

ஆகவே கிளினிக் வாசலில் கேட்க வேண்டிய முதல் கேள்வி மாறியது. "நாய்க்கு என்ன?" என்பதற்கு முன்னால், "வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கயிற்றின் ஒரு முனையில் இருக்கும் நாயைவிட மறுமுனையைப் பிடித்திருக்கும் மனிதர்தான் மேசையைச் சுற்றியிருப்போருக்கு ஆபத்தானவர்.

இதனால் விலங்கின் மூச்சை அலட்சியம் செய்யலாம் என்று ஆகிவிடாது. 2008இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு குதிரை மருத்துவமனைக்குள் ஹெண்ட்ரா வைரஸ் நுழைந்தது. நோய் இன்னும் வெளியே தெரியாத ஒரு குதிரையின் மூக்குப் பாதையை நாள்தோறும் கழுவிய மருத்துவரும் செவிலியரும் நோயுற்றார்கள், மருத்துவர் இறந்துபோனார். 2016 இறுதியில் நியூயார்க்கின் பூனைக் காப்பகத்தில் எச்7என்2 பறவைக் காய்ச்சல் பரவியபோது, நோயுற்ற பூனைகளின் மூக்கு, வாய்ச் சளியோடு நெருங்கிப் பழகிய ஒரு கால்நடை மருத்துவருக்கு அது தொற்றியது. குயின்ஸ்லாந்து, நியூயார்க், சோங்க்லா மூன்றும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. விலங்கின் மூக்கருகே வேலை செய்யும்போது மூக்கையும் வாயையும் மட்டும் மூடினால் போதாது. கண்ணுக்கும் கவசம் வேண்டும். ஒரு கண்கவசத்தின் விலை சில நூறு ரூபாய்தான்.

வாசலில் ஒரு தலையைக் குறைப்பது

மூன்று தலைகளில் எதைக் குறைக்க முடியும்? மருத்துவர் வேண்டும், பிடிப்பவர் வேண்டும். வளர்ப்பவரிடமிருந்து தேவைப்படுவது அவர் வாயிலிருந்து வரும் செய்தி மட்டும். செய்தியைத் தொலைபேசியில் வாங்கிக்கொள்ளலாமே!

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 2020 வசந்த காலத்தில் பரவிய 'காருக்குள்ளேயே காத்திருங்கள்' முறையின் அடிப்படை இதுதான். வந்து சேர்ந்ததும் வளர்ப்பவர் கிளினிக்குக்கு ஃபோன் செய்வார். உதவியாளர் வெளியே வந்து விலங்கை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். மருத்துவர் ஃபோனிலேயே விசாரித்து, பரிசோதித்து, முடிவைச் சொல்லி, விலங்கைத் திருப்பி அனுப்புவார். கார் இல்லாமல் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் வரும் நம் ஊரில் இதற்கு வேறு வடிவம் வேண்டும்: வாசலுக்கு வெளியே நிழல், தள்ளித் தள்ளிப் போட்ட நாற்காலிகள், நேரம் குறித்துக் கொடுத்த டோக்கன்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த முறையில் ஒரு நுட்பமான ஆபத்து உண்டு: கைமாறும் அந்த நொடி. பழகிய கையிலிருந்து அந்நியக் கைக்கு மாறும்போது மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு சாலையில் பாய்ந்துவிடும். இதற்குத் தெளிவான ஒழுங்கு வேண்டும். கிளினிக்கின் சுருக்குக் கயிற்றை முதலில் நாயின் கழுத்தில் போட்டு இறுக்க வேண்டும். அதன்பிறகுதான் வளர்ப்பவர் தன் கயிற்றை அவிழ்க்க வேண்டும். இரண்டு கயிறும் ஒரு கணமாவது சேர்ந்து இருக்க வேண்டும். அவருடைய கயிறு அவரோடே இருக்கும். கிளினிக் கயிற்றை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். பூனையைக் கையில் தூக்கி வரவே கூடாது. மூடிய கூடையில்தான் வர வேண்டும். கூடையைத் தரையில் வைத்துவிட்டு வளர்ப்பவர் ஆறடி விலகியபிறகு உதவியாளர் எடுப்பார்.

வராமலே முடிந்துவிடும் சிகிச்சைகளும் பல. 2020 மார்ச்சில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விலங்கை நேரில் பார்த்த பிறகே மருந்து எழுத வேண்டும் என்ற கட்டுப்பாட்டைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. பிரிட்டனும் அதே வழியில் போனது. தோல் அரிப்பு, ஆறிவரும் தையல், ஏற்கெனவே தெரிந்த நாள்பட்ட நோய் ஆகியவற்றுக்கு வீடியோ அழைப்பு பெரும்பாலும் போதும்.

எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று பிரிப்பதும் பாதுகாப்பின் பகுதி. நகம் வெட்டுவதும் பல் சுத்தம் செய்வதும் காத்திருக்கும். கருத்தடை அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கையுறையும் முகக்கவசமும் மிஞ்சும். பற்றாக்குறை நாட்களில் அவை மனித மருத்துவமனைக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவின் சில கால்நடைக் கல்லூரிகள் தங்கள் வெண்டிலேட்டர்களையே மனிதர்களுக்காகக் கொடுத்தன. ஆனால் சிறுநீர் அடைத்துத் துடிக்கும் ஆண் பூனை காத்திருக்காது. குட்டி போட முடியாமல் தவிக்கும் நாய் காத்திருக்காது. நம் நாட்டில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியையும் அந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். ஒரு தொற்றுக்குப் பயந்து, வந்துவிட்டால் கிட்டத்தட்ட நிச்சயமாகக் கொல்லும் இன்னொரு நோய்க்குக் கதவைத் திறந்துவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 15 அன்று இந்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஊரடங்கு வழிகாட்டுதல், கால்நடை மருத்துவமனைகள், ஆய்வகங்கள், தடுப்பூசி விற்பனை எல்லாம் இயங்கலாம் என்று எழுத்தில் சொன்னது.

கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஆள்

ஒரு தலை குறைந்தாலும் அறையில் நான்காவதாக ஒன்று எப்போதும் இருக்கிறது. அது காற்று. ஒருவர் போனபிறகும் அவர் விட்ட மூச்சு அறையில் மிதக்கிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில், சன்னல் இல்லாத கூடத்தில், ஒரே ஏசி காற்றோட்டத்தில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்கு நோய் வந்தது. நம் கிளினிக்குகளில் சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பிளிட் ஏசியும் வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே குளிரவைத்துத் திரும்பத் தருகிறது.

அறைக்காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் இங்கே முக்கியமான எண். மணிக்கு இரண்டு முறை மாறினால், மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க 138 நிமிடம் ஆகும். ஆறு முறை என்றால் 46 நிமிடம். பன்னிரண்டு முறை என்றால் 23 நிமிடம். அடுத்த நாயை எப்போது உள்ளே அழைக்கலாம் என்ற கேள்விக்கு இந்த எண்களில் பதில் இருக்கிறது. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் வெளியே ஊதும் மின்விசிறி வைத்தாலே நிலைமை பெரிதும் மாறும். கால்நடை கிளினிக்கில் மட்டும் ஒரு நிபந்தனை: திறந்த சன்னலில் உறுதியான கம்பிவலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொற்று போவதற்கு முன்னால் பூனை போய்விடும்.

காற்றோட்டத்தை அறியச் சிலர் கரியமில வாயு அளக்கும் கருவியை வாங்கி வைத்தார்கள். வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் வாயு அது. மூடிய அறையில் மூச்சுகள் சேரச் சேர ஏறும். ஆனால் நான்கு பெரிய நாய்கள் படுத்திருக்கும் உள்நோயாளி அறையில் கருவி அவற்றின் மூச்சையும் சேர்த்துத்தான் எண்ணும். அங்கே எண் உயர்ந்தால் மனிதக் கூட்டம் என்று பொருளல்ல. காற்று போதவில்லை என்பது மட்டும் உண்மை. வடிகட்டிக் கருவி வைத்தால் அதன் முன்வலையில் முடி அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குச் சொன்ன இடைவெளியில் சுத்தம் செய்தால் கிளினிக்குக்குப் போதாது.

துடைப்பதில் ஒரு எச்சரிக்கை

தொடக்க மாதங்களில் எல்லாரும் மேசையைத் தேய்த்தோம், கதவுப்பிடியைத் தேய்த்தோம், காய்கறியைக்கூடத் தேய்த்தோம். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெளிவாகச் சொன்னது: அசுத்தமான பரப்பு ஒன்றைத் தொடுவதால் இந்த நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. துடைக்கும் துணியைவிடச் சன்னல்தான் பெரிய மருந்து.

அதற்காகக் கால்நடை கிளினிக்கில் துடைப்பதை நிறுத்த முடியாது. பார்வோ வைரஸும் எலிக்காய்ச்சல் கிருமியும் பெருந்தொற்று வந்ததென்று விடுப்பில் போவதில்லை. ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும். ரத்தம், மலம், சிறுநீர் மீது ப்ளீச்சிங் கரைசலை நேரடியாக ஊற்றினால் அந்தக் கழிவே மருந்தின் வீரியத்தைத் தின்றுவிடும். சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் வாயுவும் கிளம்பும். முதலில் சோப்பும் தண்ணீரும், அதன்பிறகு கிருமிநாசினி, அது வேலை செய்யச் சில நிமிடம், கடைசியில் நல்ல தண்ணீரில் அலசல்.

அலசல் ஏன் என்றால், விலங்கு நக்கும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்த பூனை, பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மனிதக் கல்லீரல் எளிதில் கழித்துவிடும் ஃபீனால் வகைப் பொருட்களைப் பூனையின் கல்லீரலால் அப்படிக் கழிக்க முடியாது. அதற்குத் தேவையான ஒரு நொதியின் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துவிட்டது. வேறு சில கிருமிநாசினிகள் நாக்கைப் புண்ணாக்கும். கொரோனாவுக்குப் பயந்து நாய், பூனையின் முடியில் சானிடைசர் தடவியவர்கள் உண்டு. அன்பினால் செய்த காரியம்தான், ஆனால் அது நஞ்சு. இதை வளர்ப்பவர்களிடம் பொறுமையாகச் சொல்வதும் கிளினிக்கின் வேலை.

மேசைக்குப் பின்னால்

முகக்கவசத்தோடு காலை முழுக்க உழைத்தவர்கள் ஒரு மணிக்கு என்ன செய்கிறார்கள்? பின்னால் இருக்கும் சிறிய அறையில் கூடி, முகக்கவசத்தைக் கழற்றி, டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டு பேசிச் சிரிக்கிறார்கள். மருத்துவமனை ஊழியர்களுக்குள் நோய் பரவிய இடங்களில் இந்தச் சாப்பாட்டு அறைக்கு முக்கியப் பங்கு உண்டு. சாப்பிடும் நேரத்தை மாற்றி மாற்றி வைப்பதும், மொட்டை மாடி நிழலில் உட்கார்வதும் விலையுயர்ந்த கவச உடைகளுக்குச் சற்றும் குறையாத காப்பு.

ஆட்கள் போதுமானால் இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். ஒரு குழு மற்றதைச் சந்திக்கவே கூடாது. ஒருவருக்குத் தொற்று வந்தால் பாதிக் கிளினிக் ஓய்வெடுக்கும், பாதி இயங்கும். ஊரில் இருப்பது ஒரே கிளினிக் என்றால், அது மூடாமல் இருப்பதே பொதுநலம்.

வாசலில் நெற்றிக்கு நேராக நீட்டிய வெப்பமானி நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதை மட்டும் நம்ப முடியாது. அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் வைரஸைப் பரப்ப முடியும். அதைவிட நம்பகமானது, "சார், ராத்திரியிலிருந்து தொண்டை கரகரங்குது" என்று உதவியாளர் பயமின்றிச் சொல்வது. அப்படிச் சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்றால் அவர் சொல்லமாட்டார். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து நாயைப் பிடிப்பார். சம்பளத்தோடு விடுப்பு தரும் கிளினிக், தன் மேசையைச் சுற்றி நிற்கும் எல்லாரையும் காக்கிறது. கிருமியியல் நூல்கள் கவச உடையைப் பற்றிப் பேசும் அதே அழுத்தத்தோடு இதையும் பேச வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

ஆறடிக் குழாய்

எல்லா விதிகளும் தடுமாறும் ஒரு நேரம் உண்டு. பதினான்கு ஆண்டு கூடவே வாழ்ந்த நாய்க்கு இனிச் சிகிச்சை இல்லை, வலி மட்டுமே மிச்சம் என்னும்போது கருணைக்கொலைக்குக் கொண்டுவருகிறார்கள். அப்போதும் வெளியே நில்லுங்கள் என்று சொல்வதா? நாயை மட்டும் அந்நியர் கையில் கொடுத்து அனுப்புவதா? தொற்றின் முதல் வாரங்களில் பல கிளினிக்குகளில் அப்படித்தான் நடந்தது. அந்தத் துயரம் வளர்த்தவர்களையும் விடவில்லை, அந்த வேலையைச் செய்த ஊழியர்களையும் விடவில்லை.

பிறகு ஒரு வழி கண்டார்கள். உள்ளே இருந்த மேசையை விட்டுவிட்டு மரத்தடியில், புல்தரையில், கூடாரத்துக்குக் கீழே ஒரு போர்வையை விரித்தார்கள். திறந்த வெளியில் மூச்சு தேங்குவதில்லை. உதவியாளர் முன்கூட்டியே நாயின் காலில் ஊசி பொருத்தி, அதில் நீண்ட பிளாஸ்டிக் குழாயை இணைத்தார். சலைன் ஏற்றும் அதே மெல்லிய குழாய்தான், நீளம் மட்டும் கூடுதல். அதன் ஒரு முனையில் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதை வளர்த்தவர். மறுமுனையில், ஆறடி தள்ளி, மண்டியிட்ட மருத்துவர். மருந்து அந்தத் தூரத்தைக் கடந்து போனது.

அந்தக் குழாயைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறிய மேசை நினைவுக்கு வரும். மற்ற நேரங்களில் எல்லாம் அதைச் சுற்றி நின்ற தலைகளில் ஒன்றைக் குறைக்க வழி தேடினார்கள். எந்தத் தலையையும் குறைக்கக் கூடாத இடம் வந்தபோது, மேசையையே ஆறடிக்கு நீட்டிவிட்டார்கள்.